கலப்பைக்குப் பக்கத்தில் ஒரு கால்குலேட்டர்

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொண்டு, கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக்கொண்டு இதைப் படிக்கப்போகிற என் வயதுக்காரிகளே, உங்களில் பாதிப் பேர் என்னோடு மலைப் பள்ளிக்கூடத்தில் தரையில் உட்கார்ந்து படித்தவர்கள். மீதிப் பேரை எனக்குத் தெரியாது. ஆனாலும் வயது ஒன்றுதானே, குழப்பமும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். ஒரு சங்கதியைச் சொல்லிவிட்டு உங்களிடம் ஒரு கேள்வி கேட்க வேண்டும். அதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன்.

நான் பத்தாவதோடு நின்றவள். காலையில் குளித்து, விளக்கேற்றி, அம்மனுக்கு ரெண்டு பூ வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைப்பேன். இந்த வயதுவரை அவள் எனக்குக் குறை வைக்கவில்லை. மிஷின் எல்லாம் எப்படி ஓடுகிறது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஆனால் நான் ஆறாவது படித்த வருஷம், எங்கள் ஊரில் என்னை விட்டால் வேறு யாருக்கும் ஓட்டத் தெரியாத ஒரு மிஷின் இருந்தது. சொன்னால் என் பிள்ளைகள் சிரிக்கிறார்கள்.

எங்கள் சித்தப்பா, அப்பாவின் கடைசித் தம்பி, கீழே போய் ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி ரிப்பேர் படித்துவிட்டு வேலை கிடைக்காமல் ஜவ்வாது மலைக்கே திரும்பி வந்திருந்தார். அந்தச் சமயம் காட்டு மரங்களுக்கெல்லாம் தகட்டில் நம்பர் அடித்து எண்ணுவதற்கு ஒரு வெள்ளைக்காரர் வந்து தங்கினார். அவருக்கு வழி காட்டவும் பை தூக்கவும் சித்தப்பா போனார். வெள்ளைக்காரர் கையில் ஒரு கால்குலேட்டர் இருந்தது. மளிகைக் கடைக்காரர் வைத்திருப்பதைவிடப் பெரிது. மேலே தீப்பெட்டி ரெண்டைச் சேர்த்து வைத்த அளவுக்குக் கண்ணாடி. கணக்கைப் போட்டால் விடையைச் சொல்வதோடு அதைக் கோடாகவும் வரைந்து காட்டும். கிராப் போடுகிற கால்குலேட்டர் என்று சித்தப்பா சொல்வார்.

ஆடி மழையில் ஓடையைத் தாண்டும்போது வெள்ளைக்காரருக்குக் கால் வழுக்கி, அது தண்ணீரில் போய்விட்டது. தேடி எடுத்தார்கள். ஆனால் பட்டன்கள் செத்துவிட்டன. ஊருக்குப் போகும்போது அவர் அதைச் சித்தப்பாவிடமே கொடுத்துவிட்டு, இனி இது ஆகாது என்று கையை விரித்துக் காட்டினாராம்.

சித்தப்பா அதைக் கொண்டுவந்து சாமை டின்னுக்குள் புதைத்தார். ஈரத்தைச் சாமை இழுத்துவிடும் என்று அவருக்கு ஒரு கணக்கு. யாரிடமும் சொல்லவில்லை. அம்மா உழக்கை விட்டு அள்ளியபோது அது தலையைக் காட்டியது.

"இன்னாடா இது, சாமைக்குள்ள பல்லு வரிசை மாதிரி?" என்றாள் அம்மா.

சித்தப்பா ஓடி வந்து வாங்கி, தட்டித் துடைத்து, நாலு பேட்டரி போட்டார். கண்ணாடியில் ஒரு கறுப்புப் புள்ளி கண் சிமிட்டியது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் அது சிமிட்டிக்கொண்டே இருந்தது, அவ்வளவுதான்.

"உயிர் கீது அண்ணி. கை காலுதான் வரல," என்றார்.

அந்தக் கை காலுக்காகத்தான் அவர் வேலூர் போனார். காயலான் கடையில் ஒரு பழைய கம்ப்யூட்டர் கீபோர்டை வாங்கிக்கொண்டு வந்தார். அழுக்கு வெள்ளை நிறம், நல்ல கனம். அதைக் கோணிப்பையில் சுற்றி, பஸ்ஸை விட்டு இறங்கித் தோளில் வைத்து நடந்து வந்ததைப் பார்த்து, ஊரில் ஆர்மோனியம் வந்திருக்கிறது என்றே எல்லோரும் நினைத்தார்கள். அன்று சாயங்காலம் பஜனை கேட்க ரெண்டு பேர் வந்து உட்கார்ந்தும் விட்டார்கள். அம்மா அவர்களுக்கு வரக்காப்பி கொடுத்து அனுப்பிவைத்தாள்.

அந்தக் கீபோர்டின் பட்டன்களைக் கால்குலேட்டரோடு சேர்த்துவிட்டால், செத்த பட்டன்களுக்குப் பதிலாக இதை அழுத்தலாம். இதுதான் சித்தப்பாவின் யோசனை. இன்றைக்கு நான் ஒரு வரியில் எழுதிவிட்டேன். அன்றைக்கு இது எனக்குப் புரியவே ரொம்ப நாள் ஆயிற்று. ஆட்டுக்கு மாட்டுக் காலை ஒட்டவைக்கிற மாதிரி எனக்குத் தோன்றியது.

வேலை நடந்தது ஆட்டுக்கொட்டாயின் ஒரு மூலையில். கால்குலேட்டரின் முதுகைக் கழற்றி, உள்ளே பச்சைத் தகட்டின் மேல் இருந்த கறுப்புப் பூச்சைப் பிளேடால் சுரண்டுவார். செம்பு எட்டிப் பார்க்கும். அங்கே ஒயரை வைத்துப் பற்றவைப்பார். கரண்ட் இல்லாவிட்டால் சூட்டுக்கோலை அடுப்புத் தணலில் காய்ச்சுவார். பற்றவைக்கிற பசை தீர்ந்துபோனபோது, காட்டிலிருந்து கொண்டுவந்த குங்கிலியத்தைத் தேய்த்துப் பார்த்தார். அது பிடித்துக்கொண்டது. ஈயமும் குங்கிலியமும் சேர்ந்து எரிகிற வாசனை வீடு முழுக்கப் பரவும். வயலிலிருந்து வந்த அப்பா ஒருநாள் வாசலில் நின்று, மூக்கை உறிஞ்சி, யார் சாம்பிராணி போட்டது, இன்றைக்கு வெள்ளிக்கிழமை இல்லையே என்று கேட்டார்.

ஒயர் கிடைத்த கதையையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்தில் டெலிபோன் கேபிளுக்குள் இருக்கும் கலர் ஒயர்களை வைத்து நாமெல்லாம் மோதிரம் பின்னுவோம், ஞாபகம் இருக்கிறதா? ஆரஞ்சு, நீலம், பழுப்பில் வெள்ளைக் கோடு போட்டது. ஒரு டப்பா நிறைய நான் சேர்த்திருந்தேன். சித்தப்பா என் எதிரில் குந்தி உட்கார்ந்து கேட்டார். நான் டப்பாவைக் கொடுத்தேன். கையில் போட்டிருந்த மோதிரத்தையும் பார்த்தார். அதையும் பிரித்துக் கொடுத்தேன். அந்த ஆரஞ்சு ஒயர் கடைசிவரை கீபோர்டின் வலது ஓரத்தில் தெரிந்துகொண்டே இருந்தது. எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் விரல் காலியாக இருப்பது ஞாபகம் வரும்.

ஒருவழியாக எல்லாம் சேர்ந்தது. ஆனால் கீபோர்டில் என்ன எழுத்து எழுதியிருக்கிறதோ அது கண்ணாடியில் வராது. K என்று இருப்பதை அழுத்தினால் ஏழு வரும். சைபர் வேண்டுமானால் M. கோடு வரையச் சொல்ல ஒரு மூலைப் பட்டன். ஒயர் எங்கே எட்டியதோ அங்கே ஒட்டியதால் வந்த வினை. சித்தப்பாவுக்கே எது எது என்று மறந்து போகும். எனக்கு மறக்கவில்லை. ஏன் என்று தெரியாது, விரலுக்குத் தெரிந்துவிட்டது. அம்மாவின் ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்து, எண்ணுக்கெல்லாம் சிவப்பு, கூட்டல் கழித்தலுக்குப் பச்சை, கோடு போடுகிற பட்டனுக்கு மட்டும் பெரிய மெரூன் வெல்வெட் பொட்டு என்று ஒட்டினேன். மெரூன் பொட்டு காணாமல் போனதற்கு அம்மா ஒரு வாரம் திட்டினாள்.

முதல் கோடு வந்த நாள் மழை தூறிக்கொண்டிருந்தது. சித்தப்பா சொல்லச் சொல்ல அழுத்தினேன். கண்ணாடியின் இடது ஓரத்திலிருந்து ஒரு கறுப்புக் கோடு எறும்பு மாதிரி ஊர்ந்து, மேலே ஏறி, இறங்கி, மறுபடி ஏறி வலது ஓரத்தில் போய் மறைந்தது. எங்கள் சாமைக் கொல்லையிலிருந்து எதிர் மலை தெரியுமே, அதே மாதிரி இருந்தது. இதற்கு எப்படி நம் மலை தெரியும் என்று கேட்டேன். சித்தப்பா சிரித்துவிட்டு, எக்ஸ் என்று ஒன்று இருக்கிறது, அதை மாற்ற மாற்ற விடை மாறும், அந்த விடையெல்லாம் சேர்ந்ததுதான் இந்தக் கோடு என்றார்.

"எக்ஸ்னா இன்னா சித்தப்பா?"

"எந்த நம்பரா வேணா இருக்கலாம்."

"சரி, அது எந்த நம்பரு?"

"எதுவா வேணா."

"இப்ப எது?"

சித்தப்பா நெற்றியில் கையை வைத்துக்கொண்டார். அந்த எக்ஸ் எந்த நம்பர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. என் மகள் காலேஜில் கணக்கு படித்தாள். அவளும் அதே பதிலைத்தான் சொன்னாள்.

ஊரில் சேதி பரவியது. எதிர் வீட்டு அத்தை ஒருநாள் வந்து கூச்சப்பட்டுக்கொண்டு நின்றாள். அவள் வீட்டுக்காரர் குடகுக்குக் காப்பிக்கொட்டை பறிக்கப் போய் சேதியே இல்லை. மிஷினில் ஒரு கோடு போட்டுக் காட்டச் சொன்னாள். இது அதெல்லாம் சொல்லாது அக்கா என்று சித்தப்பா எவ்வளவோ சொன்னார். அவள் கேட்கவில்லை. அழாத குறையாக நின்றாள். சரி என்று ஏதோ ஒரு கணக்கை நான் அழுத்தினேன். கோடு சாய்ந்து மேலே போயிற்று.

"மேலதானே போவுது? எனக்கு அது போதும்," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அவள் வீட்டுக்காரர் அதே வாரம் வந்து சேர்ந்தார். சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். அத்தை ஒரு தேன் பாட்டில் கொண்டுவந்து மிஷினுக்கு முன்னால் வைத்தாள். இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்வது என்று அன்றும் எனக்குத் தெரியவில்லை.

அப்பா மட்டும் அந்த மூலைக்கு வரவே மாட்டார். கோபித்துக்கொள்ளவும் மாட்டார். அவர் ஒரு கேள்விதான் கேட்பார்.

"அது சாமைக்குக் களை எடுக்குமா?"

சாப்பிடும்போது கேட்பார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டும்போது கேட்பார். சித்தப்பா பதில் சொல்லாமல் எழுந்து களைக்கொட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போய்விடுவார். சிரிப்பதற்குக் கேட்கிறாரா, குத்துவதற்குக் கேட்கிறாரா என்று எனக்குத் தெரியாது. சித்தப்பாவுக்கு மட்டும் அது குத்தியது என்று முதுகைப் பார்த்தே தெரியும்.

ஆவணி முடிகிற சமயம் சித்தப்பா பேட்டரி வாங்க வேலூர் போனார். பார்ட்ஸ் விற்கும் கடையில் ஒருவர் பேச்சுக் கொடுத்திருக்கிறார். கணியம்பாடிப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் அவர் வாத்தியார். நாங்கள் அவரைக் கணியம்பாடி சார் என்றுதான் சொல்வோம். சித்தப்பா மிஷினைப் பற்றிச் சொல்ல, அவர் முதலில் நம்பவில்லை. பிறகு, எங்கள் லேபுக்கு ஒரு உதவியாள் வேண்டும், சர்ட்டிபிகேட்டோடு நிறையப் பேர் வருகிறார்கள், பிரித்துச் சேர்க்கத் தெரிந்த ஆள்தான் கிடைக்கவில்லை, அந்த மிஷின் ஓடுவதை என் கண்ணால் பார்த்துவிட்டால் உன் பேரையே கொடுத்துவிடுவேன் என்றிருக்கிறார். பூஜை லீவு முடிந்து ஆபீஸ் திறந்ததும் ஒரு பேரைக் கொடுத்தாக வேண்டுமாம். லீவு நாளில்தான் மலைக்கு வர முடியும். ஆயுத பூஜை அன்றைக்கு வரும் முதல் பஸ்ஸிலேயே வருவதாகச் சொல்லிவிட்டார்.

இதைச் சித்தப்பா என்னிடம் மட்டும்தான் சொன்னார். அதற்குக் காரணம் இருந்தது. இதற்கு முன்னால் ரெண்டு தடவை வேலை கிடைத்த மாதிரி வந்து கைநழுவிப் போயிருக்கிறது. ரெண்டு தடவையும் அப்பா அதற்குள் ஊர் முழுக்கச் சொல்லி, படவேட்டு அம்மனுக்கு மாவிளக்கும் போட்டுவிட்டார். பிறகு ஊரார் விசாரிக்க விசாரிக்க அப்பா தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். இந்தத் தடவை கையில் கிடைத்தபிறகுதான் அண்ணனிடம் சொல்வேன் என்று சித்தப்பா வைராக்கியமாக இருந்தார். பட்டனெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்பதால் என்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது. சத்தியம் வாங்கிக்கொண்டார்.

எங்கள் வீட்டு ஆயுத பூஜையைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். மலையில் அதற்கு முன்னாலெல்லாம் அவ்வளவு கெடுபிடி கிடையாது. அப்பாதான் படவேட்டுக் கோயிலுக்குப் போய்ப் போய், கீழ் நாட்டு வழக்கப்படி செய்ய ஆரம்பித்தார். கலப்பை, கடப்பாரை, அரிவாள், புளி உலுக்குகிற கொக்கிக் கழி எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து, படையல் போட்டுக் கற்பூரம் காட்டிவிட்டால், மறுநாள் காலை மறுபடி கற்பூரம் காட்டி நகர்த்தி வைக்கும்வரை அதில் ஒன்றையும் தொடக்கூடாது. ஒரு வருஷம் மாட்டுக்குப் புல் இல்லையென்று அப்பா பூஜை அன்று சாயங்காலமே அரிவாளை எடுத்துவிட்டார். அந்தத் தை மாதத்தில் ஜோடி மாட்டில் ஒன்று படுத்தது, எழுந்திருக்கவில்லை. மாடு சீக்கு வந்து செத்தது என்று மாட்டு டாக்டர் சொன்னார். அப்பா அப்படி நினைக்கவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு பூஜைக்கும் அந்த அரிவாளைக் கழுவும்போது அவர் யாரோடும் பேச மாட்டார்.

பூஜை அன்று விடியற்காலையிலேயே சித்தப்பா ரோட்டுக்குப் போய்விட்டார். எங்கள் ஊரிலிருந்து பஸ் நிற்கும் ரோடு நல்ல தூரம். மிஷின் ஆட்டுக்கொட்டாயில் அதன் மூலையில் இருந்தது. அதை யாரும் சீண்ட மாட்டார்கள் என்று அவருக்கு நம்பிக்கை. அப்பாவுக்குத்தான் அது விளையாட்டுச் சாமான் ஆயிற்றே.

நான் குளித்துவிட்டு, தலை சொட்டச் சொட்ட வெளியே வந்தேன். அப்பா கொட்டாயிலிருந்து வந்துகொண்டிருந்தார். ரெண்டு கையிலும், பிறந்த குழந்தையை ஏந்துகிற மாதிரி, கீபோர்டையும் அதன் மேல் கால்குலேட்டரையும் ஏந்தியிருந்தார். ஒயர் இழுபடாமல் ஒரு விரலால் தாங்கிக்கொண்டு, அடி மேல் அடி வைத்து வந்தார். படையல் இடத்தில் மனைப் பலகையைப் போட்டு, அதன் மேல் வைத்து, தோளில் இருந்த துண்டாலேயே துடைத்தார்.

"அது வேணாம்ப்பா," என்றேன்.

"ஏன் வேணாம்? கலப்பை என்னோட ஆயுதம். உங்க சித்தப்பனுக்கு இது ஆயுதம். ஆளுக்கு ஒண்ணு வெச்சாதான் பூஜை," என்றார் அப்பா.

அம்மா என்னைப் பார்த்தாள். நான் கீழே பார்த்தேன். சொல்லக்கூடாது என்று சத்தியம். சொல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதும் தெரியும். அதோடு, அப்பா அதைத் தொட்டதே எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. இதெல்லாம் ஒரே நேரத்தில் வந்தால் ஆறாம் வகுப்புப் பிள்ளை என்ன செய்யும்? ரோட்டுக்கு ஓடிச் சித்தப்பாவிடம் சொல்லலாம் என்று வாசலைத் தாண்டினேன். ஈரத் தலையோடு எங்கே போகிறாய், கற்பூரம் காட்டப்போகிறது என்று அம்மா பிடித்து இழுத்து நிறுத்தினாள்.

அப்பா கலப்பைக்கு மூன்று பொட்டு வைத்தார். அதே சந்தனத்தை எடுத்துக் கால்குலேட்டரின் கண்ணாடிக்கு மேலே, சரியாக நடுவில், ஒன்று வைத்தார். அதன் மேல் குங்குமம். கீபோர்டுக்கு ரெண்டு ஓரமும். நான் ஒட்டிய ஸ்டிக்கர் பொட்டுகளைப் பார்த்து, இது ஏற்கெனவே அலங்காரத்தோடுதான் இருக்கிறது என்று சிரித்தார். சாமந்திப்பூ வைத்தார். மணி அடித்தார். கற்பூரம் காட்டினார். நான் கண்ணை மூடிக் கும்பிட்டேன். என்ன வேண்டிக்கொள்வது என்று தெரியாமல், அம்மா தாயே என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

கற்பூரம் அணைந்து கொஞ்ச நேரத்தில் ரெண்டு பேரும் வந்தார்கள். கணியம்பாடி சார் ஒல்லியாக, வெள்ளைச் சட்டை போட்டு, ஏறி வந்ததில் வியர்த்துப் போயிருந்தார். சித்தப்பா நேராகக் கொட்டாய்க்குப் போனார். மூலை காலி. திரும்பி வந்தவர் வாசற்படியில் அப்படியே நின்றுவிட்டார். கலப்பை, அதற்குப் பக்கத்தில் மனை, மனைமேல் பூ வைத்த அவர் மிஷின்.

அப்பா ஓடி வந்து சாரை வரவேற்றார். தம்பியைத் தேடி வீட்டுக்கு ஒரு வாத்தியார் வந்திருக்கிறார் என்பதே அவருக்குப் பெரிய விஷயம். பாய் போட்டு, பொரி, சுண்டல், வாழைப்பழம் கொடுத்தார். எதற்காக வந்திருக்கிறார் என்று கேட்கக்கூட இல்லை. தானாகவே கையைக் காட்டிச் சொன்னார்.

"எங்க தம்பி செஞ்சது சார். வீணாப் போச்சுன்னு வெள்ளைக்காரன் வுட்டுட்டுப் போனதுக்கு உசுரு குடுத்துட்டான். இந்த மலையில எவனுக்கும் வராது."

சித்தப்பா அப்பாவைப் பார்த்தார். அந்த முகத்தை எனக்கு எழுதத் தெரியவில்லை. களைக்கொட்டை எடுத்துக்கொண்டு போவாரே, அந்த முதுகு திரும்பி முகத்தைக் காட்டிய மாதிரி இருந்தது.

சார் எழுந்து, செருப்பில்லாமல் படையலுக்கு முன்னால் போய்க் கைகூப்பி, குனிந்து உற்றுப் பார்த்தார். ஒயர் வெளியே வந்த இடம், அது போன வழி எல்லாவற்றையும் தொடாமலேயே பார்த்தார். பிறகு அப்பாவிடம், இதைக் கொஞ்சம் ஓட்டிப் பார்க்க முடியுமா என்று தன்மையாகத்தான் கேட்டார்.

"நாளைக்குக் காலைல நகத்தி வெச்சிட்டு எடுத்துக் குடுத்துர்றேன் சார். ராவுக்கு நம்ம வூட்லயே தங்கிக்கிங்க. கோழி அடிக்கச் சொல்றேன்," என்றார் அப்பா.

சார் சித்தப்பாவைப் பார்த்தார். மறுநாள் விஜயதசமிக்கு அவர் தன் ஊர்க் கோயில் பூஜையில் இருந்தாக வேண்டும் என்பது சித்தப்பாவுக்குத் தெரியும். சித்தப்பா வாயைத் திறக்கவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை.

"நான் தொட்றேன் சார், எனக்குத் தெரியும்," என்று முன்னால் போனேன்.

சித்தப்பா என் தோளைப் பிடித்து அமுக்கினார். வலித்தது. அப்பா என்னைப் பார்த்து, பிள்ளைக்கு ஆசை என்று சாரிடம் சிரித்தார்.

பிறகு சித்தப்பா வாயாலேயே சொன்னார். எப்படிச் சுரண்டினேன், எப்படி ஒயர் விட்டேன், அடுத்து பிரிண்டர் ஒன்றைச் சேர்த்து அந்தக் கோட்டைக் காகிதத்திலேயே எடுக்கப் பார்க்கிறேன் என்று. சார் தலையை ஆட்டிக் கேட்டார். நல்லவர்தான். ஆனால் ஓடாத மிஷினைப் பற்றி யார் வேண்டுமானாலும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம் அல்லவா?

மறுநாள் காலை அப்பா கற்பூரம் காட்டி மனையை நகர்த்தினார். சித்தப்பா குங்குமம் கலையாமல் அதை எடுத்தார். நான் அழுத்தினேன். கோடு வந்தது. ஒரு குறையும் இல்லாமல், எறும்பு மாதிரி ஊர்ந்து, ஏறி, இறங்கி, ஏறி மறைந்தது. அப்பா முதல் தடவையாகப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தார்.

"அவ்ளோதானா?" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "நல்லாத்தான் கீது," என்றார்.

அந்த வேலை வேறு யாருக்கோ போயிற்று. சித்தப்பா ஒரு வருஷம் கழித்து சந்தவாசலில் மோட்டார் காயில் கட்டுகிற கடையில் சேர்ந்தார். இப்போது சொந்தக் கடை. பேரன் பேத்தி எடுத்துவிட்டார். மிஷின் பேட்டரி கசிந்து கெட்டுப்போயிற்று. கூரையை மாற்றியபோதோ, கொட்டாயைப் பிரித்தபோதோ எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அப்பா கண்ணை மூடுகிறவரை, கணியம்பாடி சார் எதற்கு வந்தார் என்பது அவருக்குத் தெரியாது. தம்பியின் மிஷினைப் பார்க்க அவ்வளவு தூரத்திலிருந்து ஒரு வாத்தியார் வந்தார் என்று சந்தையிலும் போகிற இடத்திலெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

நான் உங்களிடம் கேட்க வந்தது இதற்கு அப்புறம்தான். பூஜை அன்று மத்தியானம் சாரை பஸ் ஏற்றிவிட நானும் சித்தப்பாவோடு ரோட்டுக்குப் போனேன். சார் கையில் அம்மா கட்டிக்கொடுத்த பொரி மூட்டை. தூரத்தில் பஸ் வளைவில் திரும்பும் சத்தம் கேட்டபோதுதான் சார் கேட்டார்.

"ஒரே ஒரு வார்த்தை, வேலைக்காகன்னு நீ சொல்லியிருந்தா உங்க அண்ணன் எடுத்துக் குடுத்திருக்க மாட்டாராப்பா?"

"குடுத்திருப்பாரு சார்," என்றார் சித்தப்பா. "மாடு செத்தத இன்னும் மனசுல வெச்சிக்கினு கீறாரு. அப்பவும் எனக்காக எடுத்துக் குடுத்திருப்பாரு. அதான் சார், நான் கேக்கல."

பஸ் வந்தது, சார் ஏறிப் போய்விட்டார். சித்தப்பா என் கையைப் பிடித்துக்கொண்டு ஊருக்குத் திரும்பினார். ஏதோ கிடைத்துவிட்ட ஆள் மாதிரி விறுவிறுவென்று நடந்தார்.

இத்தனை வருஷமாக நான் அம்மன் முன்னால் நின்று, பிள்ளைக்கு வேலை கொடு, மகளுக்கு நல்ல இடம் கொடு, முட்டி வலியை எடு என்று கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். கொடுப்பாள் என்று நம்பித்தானே கேட்கிறோம்? கேட்டால் கொடுத்துவிடுவார் என்று தெரிந்ததாலேயே ஒருவர் கேட்காமல் இருந்தாரே, அது என்ன கணக்கு? உங்களில் யாருக்காவது விளங்கினால் எனக்குச் சொல்லுங்கள். நாளைக்குக் காலையில் விளக்கேற்றும்போது நான் என்ன கேட்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்தாக வேண்டும்.